கண்மூடி எழுந்தவர்கள்

தீமோத்தேயு இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செத்துப்போன மனைவி பதினோரு வாரம் கழித்துத் திரும்பி வந்ததைப் பற்றி அவருக்குத் துளிச் சந்தேகமும் கிடையாது, அவள் வந்து வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டவர் அவர், அவள் நடந்த ஈரத்தைத் துடைத்தவர் அவர். அவருடைய சந்தேகமெல்லாம் அவள் மறுபடியும் போக நேர்ந்த அந்த அரை நிமிடத்தைப் பற்றியதுதான். அந்த அரை நிமிடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், சபையில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள், ஒரே ஒருவரைத் தவிர.

வடசென்னையில், கப்பல் சங்கு ஊதினால் ஜன்னல் கம்பி அதிரும் தூரத்தில், ஒரு சந்தின் கடைசியில் அந்தக் கோயில் இருந்தது. பலகையில் ஏக தேவன் ஆலயம் என்று எழுதியிருந்தாலும் தெருக்காரர்கள் அதை ஒத்தைச்சாமி கோயில் என்றே சொன்னார்கள். சிலுவை கிடையாது, பீடம் கிடையாது, பாதிரியார் கிடையாது. வெள்ளையடித்த சுவர், ஒரு மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சுகள், பின்னால் சபையாரைப் புதைக்கிற சின்னத் தோட்டம், அவ்வளவுதான். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று ஊரில் எல்லாச் சபையும் மூன்று பேரைக் கும்பிட, இவர்கள் ஒருவர் போதும் என்று இருந்ததால், முச்சந்தித் தையல்காரர் லூர்துசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மூணுல ரெண்ட அடகு வெச்சுட்டு இன்னும் மீட்காத சபைப்பா அது" என்பார்.

அதைக் கட்டியவர் யோசேப்பு மாசிலாமணி, மிஷன் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை, மூவரும் ஒருவரே என்ற வரியைக் கோர்த்து முடித்து, அந்த ஈய எழுத்துகளைக் கையில் ஏந்தியபடியே வெள்ளைக்காரப் பாதிரியாரிடம் போய், "ஐயா, நான் நம்பாததை என் கையால் கோர்த்தால் அது பொய்ச்சாட்சி ஆகுமா ஆகாதா?" என்று கேட்டார், மத்தியானத்துக்குள் வேலை போயிற்று. அவருக்குப் பின்னால் பதினோரு குடும்பங்கள் வெளியே வந்தன. இயேசு மனிதர், எல்லாரையும்விட நல்ல மனிதர், கொன்றார்கள், இறந்தார், இறந்தவர் இறந்தவரே என்பது அவர்கள் விசுவாசம். ஈஸ்டர் அன்று மற்றக் கோயில்களில் மணி அடித்துக் கொண்டாடும்போது இவர்கள் தோட்டத்துக் கல்லறைகளில் புல் பிடுங்கிவிட்டு, உள்ளே வந்து வரிசையாக நின்று, "அவர் நம்மைப் போல இறந்தார்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மாசிலாமணி வைத்துப்போன வழக்கங்கள் இரண்டு. ஒன்று கேள்வி வேளை: பிரசங்கம் முடிந்ததும் யாரும் எதையும் கேட்கலாம், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. இன்னொன்று கண்மூடி எழுதல். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதானாலும், விசுவாசத்தில் ஒரு வரி திருத்துவதானாலும், செயலாளர் மேஜையை ஒரு தட்டுத் தட்டுவார். எல்லாரும் கண்ணை மூட வேண்டும், சம்மதிக்கிறவர்கள் எழ வேண்டும். இரண்டாம் தட்டில் எல்லாரும் உட்கார வேண்டும், மூன்றாம் தட்டில்தான் கண்ணைத் திறக்கலாம். பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்து எழுகிறவன் கடவுளுக்காக எழவில்லை என்பது மாசிலாமணி சொன்னது. திறந்த கண்ணோடு பார்ப்பவர் செயலாளர் மட்டும். அவருக்கு ஓட்டு இல்லை. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் அவர் "சபை எழவில்லை" என்றே சொல்ல வேண்டும், யார் என்பதையும் எத்தனை பேர் என்பதையும் தன் சாவு வரைக்கும் வெளியிடக் கூடாது. வேறெந்தச் சபையிலும் இல்லாத இந்த வழக்கத்தைப் பற்றி அவர்களுக்கு உள்ளூர ஒரு கர்வம் இருந்தது.

அந்தச் சபையின் செயலாளர் ஞானவரம், மாநகராட்சிப் பள்ளியில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர், சுத்தமான வெள்ளைச் சட்டைக்காரர், மனைவி லில்லியைப் பின்தோட்டத்தில் புதைத்து அப்போது பதினான்கு வருடம் ஆகியிருந்தது. சபையில் ஞானவரத்தைச் சேர்க்காமல் பெரியவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் தீமோத்தேயு ஒருவர், அப்போது முப்பத்தொரு வயது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ரூபவதி கேள்வி வேளையில் யாரையும் விட்டுவைக்காதவள். அவள் ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் இறந்தாள். அடக்கத்தன்று பெய்த மழையில் குழி நிரம்பிவிட்டது, வாளியால் இறைக்க இறைக்க ஊறியது, கடைசியில் தண்ணீருக்குள்ளேயே பெட்டியை இறக்கினார்கள். அந்தச் சத்தம் தீமோத்தேயு கிரேனில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் கீழே கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது.

தை மாதம் மூன்றாம் ஞாயிறு ரூபவதி வந்தாள். பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு, புதைத்தபோது கட்டிவிட்ட ஊதாச் சேலையில் வந்து, பெண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவளின் பாட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்துச் சேர்ந்து பாட ஆரம்பித்தாள். அன்றைக்குப் பிரசங்க முறை தீமோத்தேயுவுடையது. கேள்வி வேளைக்கு முன்னால் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பதால் அவர் நாற்பது நிமிடம் பிரசங்கம் செய்தார், மற்றவர்கள் நாற்பது நிமிடம் கேட்டார்கள், என்ன சொன்னார் என்று அவருக்கும் தெரியாது அவர்களுக்கும் தெரியாது, ரூபவதியின் சேலை ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டிப் பெஞ்சுக்கடியில் ஒரு முறம் அகலத்துக்குத் தேங்கிற்று. பிறகு ஞானவரம் எழுந்து, எப்போதும் போல, "கேள்வி உண்டா?" என்றார்.

ரூபவதியின் அம்மா சுகிர்தம் எழுந்தாள். "எனக்கு ஒரு கேள்வி இருக்கு. இது யாரு?"

"நான்தாம்மா," என்றாள் ரூபவதி. பிறகு குனிந்து பார்த்து, "அது என் செருப்புதானே? வாசல்ல விடாம உள்ள வரைக்கும் போட்டுட்டு வந்திருக்க?"

சுகிர்தம் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மகள் போன பிறகு ஒரு நாளும் அவள் அந்தச் செருப்பைக் கழற்றியதில்லை. "காலுக்குச் சரியா இருந்துச்சுடி," என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று வேறு கேள்வி வரவில்லை. தீமோத்தேயு மனைவியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவள் அடுக்களைக்குள் நுழைந்து, "இந்தச் சட்டியை யாரு இப்படித் தேய்ச்சது?" என்றாள். பழையபடி சமைத்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், சண்டை போட்டாள். சேலை ஓரம் மட்டும் எந்தச் சேலை கட்டினாலும், எவ்வளவு வெயிலில் நின்றாலும் காயவில்லை. சந்துமுனையில் இட்லி விற்ற கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஆத்தா ஈரத்தோட நிக்காத, சளி புடிக்கும்" என்று மட்டும் சொன்னாள், அவளுக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இருக்கவில்லை. ரேஷன் கடைக்காரர்தான் பேரை அடித்தாகிவிட்டது, செத்தவங்களுக்குச் சர்க்கரை கிடையாது என்றார். "செத்தவங்களுக்குச் சர்க்கரை வியாதியும் கிடையாதுங்க, பயப்படாம போடுங்க," என்றாள் ரூபவதி. அவர் போட்டார்.

மற்றவர்களுக்கு அது சுலபமாக இருந்தது. லூர்துசாமி தையல் மெஷினை மூடிவிட்டு மெழுகுவர்த்தியோடு வந்தார், அவருக்குப் பின்னால் அவர் கோயிலே வந்தது. இறந்தவர்கள் எழுவார்கள் என்பதற்கு இந்தச் சந்திலேயே சாட்சி இருக்கிறது என்று இரண்டு தெரு தள்ளிப் பெரிய கோயிலில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். வியாதிக்காரர்களைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் நடந்த ஈரத்தைக் கைக்குட்டையில் ஒற்றி எடுத்தார்கள். "அது வெறும் தண்ணிதாங்க, கொசு வரும், துடைக்கணும்," என்று அவள் அவர்கள் கையிலேயே துணியைக் கொடுத்தாள். "நான் எழுந்திரிக்கவும் இல்ல, யாரும் என்னை எழுப்பவும் இல்ல. வந்திருக்கேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சபையாருக்குத்தான் அவளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தாத்தாவுக்குத் தாத்தா வேலையை விட்டதும், கல்யாணச் சம்பந்தங்கள் முறிந்ததும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நாத்திகக் குஞ்சு என்று பட்டப்பெயர் வாங்கியதும் எதற்காகவோ, அந்த இறந்தவர் இறந்தவரே என்ற ஒரு வரிக்கு மறுப்பு மூன்றாம் பெஞ்சில் சொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்கள் நல்ல மனிதர்கள், அவளுக்கு வேண்டியதைச் செய்தார்கள். பெஞ்சு ஊறிப்போகாமல் ஞானவரமே ஒவ்வொரு ஞாயிறும் சீக்கிரம் வந்து ஒரு கோணிச்சாக்கை அவள் காலடியில் விரித்தார். ஒரு ஞாயிறு மற்றவர்கள் வருவதற்கு முன்னால் அவர் அப்படி விரித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் அவளிடம் கேட்டது வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த தீமோத்தேயுவுக்குக் கேட்டது.

"அங்க லில்லியைப் பார்த்தியாம்மா?"

"இல்லீங்க சார்."

"தூரத்துலயாவது?"

"அங்க யாருமே இல்லீங்க சார். மழைதான் பேஞ்சுட்டு இருந்துச்சு. யார் குரலும் கேக்கல."

ஞானவரம் சாக்கின் சுருக்கத்தை நீவிவிட்டார். "சரிம்மா," என்றார். அடுத்த ஞாயிறும் அவர்தான் விரித்தார்.

ஈஸ்டர் வந்தது. புல் பிடுங்கினார்கள், ரூபவதியும் பிடுங்கினாள், தன் கல்லறைமேல் புல் அதிகம் இல்லை என்று சொன்னாள். உள்ளே வந்து வரிசையாக நின்றார்கள். "அவர் நம்மைப் போல" என்பது வரைக்கும் எல்லார் குரலும் வந்தது, அதற்குமேல் ஒருவருக்கும் வரவில்லை, நூற்றைம்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியம் முடியாமல் நின்றது. அப்போது ரூபவதியே பேசினாள்.

"சபைப் புத்தகத்துல என் பேரை அடிச்சிருக்கீங்க. ஒண்ணு மறுபடி எழுதுங்க, இல்ல அடிச்சது சரின்னு சொல்லுங்க. வர்ற ஞாயிறு கண்ணை மூடுங்க. சபை எழுந்தா இருக்கேன், எழலேன்னா போயிடறேன். இருக்கேனா இல்லையான்னு தெரியாம ஒரு பெஞ்சுல உட்கார்ந்திருக்க என்னால முடியாது."

"என்னடி பேசற?" என்றாள் சுகிர்தம். "இவங்க யாரு உன்னை அனுப்பறதுக்கு?"

"நம்ம சபைம்மா. வேற யாரு சொன்னா நான் கேப்பேன்?"

அந்த வாரம் முழுக்கத் தீமோத்தேயு வீடு வீடாகப் போகவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. ஓட்டுக் கேட்பது அந்தச் சபையில் அசிங்கம். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, "எல்லாரும் எழுந்துருவாங்க," என்றார்.

"நீங்க?"

"இது ஒரு கேள்வியா?"

"கேள்விதான். என் மேல ஆசையில எழுந்திருக்காதீங்க. நிஜம்னு தோணினா மட்டும் எழுந்திருங்க. ஆசைக்கு எழுந்தா, லூர்துசாமியண்ணன் மெழுகுவத்திக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று சொல்லி அவர் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.

ஞாயிறு கேள்வி வேளையில் எப்சிபாள் எழுந்தாள். அவள் மகன் ஏழு வயதில் லாரியில் அடிபட்டவன், ரூபவதிக்கு இரண்டு கல்லறை தள்ளிக் கிடந்தான். "நீ இருக்கணும்டி, இருந்துட்டுப் போ. ஆனா நீ வந்தது நிஜம்னா, என் பிள்ளை வராததுக்கு யாரு பதில் சொல்றது? இத்தனை நாளா யாருமே வர்றதில்லன்னு நெனச்சுதான் நான் சோறு தின்னேன்."

தோட்டத்தில் யாரும் இல்லாத குடும்பம் அந்தச் சபையில் இல்லை. ரூபவதி, "தெரியலக்கா," என்றாள். பிறகு வழக்கப்படி, முடிவு செய்யப்படுகிறவர் உள்ளே இருக்கக் கூடாது என்பதால், சேலையைப் பிழிந்துவிட்டுக்கொண்டு வெளியே போய்த் தாழ்வாரத்தில் நின்றாள். ஞானவரம் முதல் தட்டுத் தட்டினார்.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. தீமோத்தேயுவுக்கு அது தெளிவாக நினைவிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் காற்றுப்பட்டதும் நினைவிருக்கிறது. ஆனால் தொடைக்கு அடியில் பலகை அழுத்தியதும் நினைவிருக்கிறது. ஆசையா, நிஜமா, ஆசையா, நிஜமா என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்தோம் என்று ஒரு சமயமும், எழப்போனோம் என்று ஒரு சமயமும் தோன்றியது, அதற்குள் இரண்டாம் தட்டு விழுந்தது, மூன்றாம் தட்டு விழுந்தது, கண்ணைத் திறந்தால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சபை எழவில்லை," என்றார் ஞானவரம்.

ரூபவதி அதைத் தாழ்வாரத்திலிருந்தே கேட்டாள். உள்ளே வராமல், கோயிலைச் சுற்றிக்கொண்டு பின்தோட்டத்துப் பக்கம் போனாள். தீமோத்தேயு ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தபோது திரும்பி, "ராத்திரிக்குக் குழம்பைச் சுட வெச்சுடுங்க, கெட்டுடும்," என்றாள். ஈரத் தடம் எப்சிபாளின் மகன் கல்லறையைத் தாண்டி இரண்டு எட்டு வரைக்கும் இருந்தது. அதற்கப்புறம் மண் காய்ந்திருந்தது.

அன்றைக்கே சபை முடிந்துவிட்டது, கட்டடம் நின்றதுதான் மிச்சம். முதல் வாரம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, இரண்டாம் வாரம் எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்தார்கள். உட்கார்ந்திருந்தது எப்சிபாள்தான் என்று பாதிப்பேர் நினைத்தார்கள், அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதை நிறுத்தினார்கள். எப்சிபாள் சுகிர்தத்தை நினைத்தாள், செருப்பைத் திருப்பித் தர மனமில்லாதவள் என்று வாய்விட்டே சொன்னாள். சுகிர்தம் மருமகனை நினைத்தாள். அவள் அதைச் சொல்லவில்லை, அவர் வீட்டு வழியாகப் போவதை விட்டுவிட்டாள். அண்ணன் தம்பிகள் பிரிந்தார்கள், ஒரு கல்யாணம் நின்றது. ஒவ்வொரு குடும்பமாக மூன்று பேரைக் கும்பிடுகிற கோயில்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே யாரும் கண்ணை மூடச் சொல்லி எண்ணுவதில்லை. காலி பெஞ்சுகளில் சாயங்கால டியூஷன் நடந்தது, சொட்டுமருந்து முகாம் நடந்தது. கடைசியில் ஞாயிறுதோறும் தீமோத்தேயுவும் ஞானவரமும் மட்டும் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டு, "கேள்வி உண்டா?" என்று ஒருவர் கேட்க, "யார் சார் உட்கார்ந்திருந்தது?" என்று மற்றவர் கேட்க, "அதைத் தவிர வேறு கேள்வி உண்டா?" என்று ஞானவரம் சொல்ல, கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள்.

ஆனால் இருபத்தேழு வருடத்தில் ஒரு காரியம் நடந்தது. போனவர்கள் ஒவ்வொருவராகத் தீமோத்தேயுவைத் தேடி வந்தார்கள். சிலர் பஸ் நிலையத்தில் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், சிலர் சாகக் கிடக்கும்போது ஆளனுப்பிக் கூப்பிட்டுச் சொன்னார்கள், ஒருவர் துபாயிலிருந்து போன் செய்து சொன்னார். எப்சிபாள் அரசு மருத்துவமனை வராந்தாவில் பாயில் படுத்துக்கொண்டு, "நான் எழுந்தேன் தம்பி. வயிறு எரிஞ்சுது, ஆனாலும் எழுந்தேன். கண்ணால பார்த்ததை இல்லைன்னு சொல்ல எனக்கு வரல," என்றாள். சுகிர்தம் கடைசி மூச்சுக்குக் கொஞ்ச நேரம் முன்னால், "மாப்ள, நான் முதல் தட்டுக்கு முன்னாலயே எழுந்துட்டேன். நீங்கதானே உட்கார்ந்திருந்தீங்க? பரவாயில்ல, சொல்லிடுங்க," என்றாள். அவர் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். ஒருவர் பொய் சொல்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தார். சாகிறவர்கள் சொன்னதையும், தன்னைப் பார்க்கவே கூசியவர்கள் சொன்னதையும் சேர்த்து வைத்துப் பார்க்கப் பார்க்க, பொய் சொன்ன முகமாக ஒன்றுகூட அவருக்கு அகப்படவில்லை. போன மாதம் கடைசி ஆளும் சொல்லியாகிவிட்டது. அன்று கண்ணை மூடிய இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் எழுந்திருந்தார்கள். மிச்சம் அவர் ஒருவர்தான்.

மூன்று வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தாமே தம் மனைவியை அனுப்பினோம் என்பதை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி, தானே மேஜையைத் தட்டி, எழுந்து எழுந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் எழ முடிந்தது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு காலை, வழக்கமான நேரத்தில், ஞானவரத்தின் வீட்டுக்குப் போனார். ஞானவரத்துக்கு எண்பத்தொன்பது வயது, கோயில் வரை நடக்க முடியாமல் இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தார், வெள்ளைச் சட்டையை மட்டும் விடவில்லை. தீமோத்தேயு தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவரைச் சாய்த்து உட்காரவைத்தார், கஞ்சியை ஆற்றி நாலைந்து வாய் கொடுத்தார், உதட்டைத் துடைத்துவிட்டார்.

"கேள்வி உண்டா?" என்றார் ஞானவரம், சிரிக்கிற மாதிரி.

"உண்டு சார். இருபத்தொரு பேரும் எங்கிட்ட சொல்லிட்டாங்க. எல்லாரும் எழுந்திருந்தாங்களாம்."

ஞானவரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே யாரோ தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைக்கும் சத்தம் கேட்டது. அவர் கை போர்வையின் சுருக்கம் ஒன்றை நீவிவிட ஆரம்பித்தது, நீவிய இடத்தையே திரும்பத் திரும்ப நீவியது.

"அதைத் தவிர வேறு கேள்வி," என்றார், குரல் எழும்பாமல்.

நானா சார் என்று கேட்கத்தான் தீமோத்தேயு வந்திருந்தார். மூன்று வாரமாக அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நாக்கில் வைத்துக்கொண்டு நடந்திருந்தார். அவை வாய் வரைக்கும் வந்தன. லில்லியைப் பற்றிக் கேட்ட அன்று சாக்கை நீவிவிட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, கடவுளையும் வேதத்தையும் ஒருவரையொருவரும் கேள்வி கேட்ட அந்தச் சபையில் நூற்றெண்பது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று இருப்பது தெரிந்தது. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சார், அன்னைக்கு யாராவது உட்கார்ந்திருந்தாங்களா?"